சூறாவளி என்றால் எது? புயலும் டொர்னாடோவும்

'அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது சூறாவளி' என்று ஒரு செய்தித் தலைப்பு வந்தால், அதை மட்டும் வைத்து அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியாது. பத்து நாள் கடலில் வளர்ந்து வந்து ஒரு மாநிலத்தையே மூழ்கடித்த ஹரிகேனாக இருக்கலாம். பத்தே நிமிடத்தில் ஒரு தெருவை மட்டும் பெயர்த்துவிட்டு மறைந்துபோன டொர்னாடோவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தமிழில் 'சூறாவளி' என்றே எழுதிவிடுகிறோம். போதாக்குறைக்குத் தலைவர்கள் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டால் அதுவும் சூறாவளிச் சுற்றுப்பயணம்தான்.

ஆகவே பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ஹரிகேன், டைஃபூன், சைக்ளோன் ஆகிய மூன்றும் ஒரே பொருள்தான். அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் வந்தால் ஹரிகேன். வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன். இந்தியப் பெருங்கடலிலும் தென் பசிபிக்கிலும் சைக்ளோன். தமிழில் புயல். இடம் மாறினால் பெயரும் மாறும். 1994-இல் பசிபிக்கில் உருவான 'ஜான்', 180 பாகை தீர்க்கரேகையைத் தாண்டியதும் டைஃபூன் ஆனது. திரும்பி வந்ததும் மறுபடி ஹரிகேன் ஆனது. காற்று அதே காற்றுதான்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் வேண்டும். இந்திய வானிலைத் துறை மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டதுமே புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டிவிடும். ஹரிகேன் என்ற பட்டம் கிடைக்க 119 கி.மீ. வேண்டும். எல்லா ஹரிகேனும் புயல்தான். எல்லாப் புயலும் ஹரிகேன் ஆகிவிடாது. இந்தக் கட்டுரையில் கடலில் பிறக்கும் பெரிய சுழலைப் புயல் என்றும், இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் ஒடுங்கிய சுழலை டொர்னாடோ என்றும் எழுதுகிறோம். சூறாவளி என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடுவோம்.

எது தீனி?

இரண்டையும் பிரித்தறிய வேகத்தைக் கேட்பதைவிட 'எதைத் தின்று வளர்கிறது' என்று கேட்பது நல்லது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அந்தப் பதிலிலிருந்தே வரும்.

புயலின் தீனி சூடான கடல். மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதுவும் மேலாக மட்டும் சூடு இருந்தால் போதாது. சுமார் 50 மீட்டர் ஆழம் வரையாவது வெதுவெதுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயலே கடலைக் கலக்கி அடியில் உள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடும். தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் புயல்கள் சில நேரம் வலுவிழப்பது இதனால்தான்.

அந்தச் சூட்டைப் புயல் எடுத்துக்கொள்வது நீராவி வழியாக. ஒரு லிட்டர் கடல்நீர் ஆவியாகும்போது உள்வாங்கும் வெப்பம், அதே ஒரு லிட்டரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைப் போல் கிட்டத்தட்ட 6 மடங்கு. அந்த ஆவி உயரே போய்க் குளிர்ந்து மழைத்துளியாகும்போது, வாங்கிய வெப்பத்தை அப்படியே சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சூடான காற்று இன்னும் வேகமாக மேலேறும். கீழே அழுத்தம் குறையும். பக்கத்துக் காற்று அந்தக் குறையை நிரப்ப ஓடிவரும். வரும் வழியில் கடலிலிருந்து மேலும் ஆவியை அள்ளிக்கொண்டு வரும். இப்படித் தன்னைத் தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும் சங்கிலி நாள்கணக்கில் ஓடினால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகும். தாழ்வு மண்டலம் புயலாகும்.

ஓடிவரும் காற்று நேராக மையத்துக்குப் போய்ச் சேராமல் வளைவதற்குப் பூமியின் சுழற்சி காரணம். கொரியோலிஸ் விளைவு என்பார்கள். வட அரைக்கோளத்தில் காற்று தன் வலப்பக்கம் விலகும். அதனால் மொத்தச் சுழலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். தென் அரைக்கோளத்தில் நேர்மாறு. நிலநடுக்கோட்டில் இந்த விளைவு பூஜ்யம். கடல் எவ்வளவு கொதித்தாலும், கோட்டுக்கு இருபுறமும் சுமார் 5 பாகைக்குள் புயல் பிறப்பது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே 1.4 பாகை வடக்கில் உருவான 'வாமெய்' ஒரு பெரிய விதிவிலக்கு. நிலநடுக்கோட்டைத் தாண்டி ஒரு அரைக்கோளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன புயல் பதிவில் இல்லை.

டொர்னாடோவுக்குக் கடல் வேண்டாம். அதன் தாய் ஒரு பெரிய இடிமேகம். சாதாரண இடிமேகம் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தன் மழையிலேயே நனைந்து அடங்கிவிடும். ஆனால் தரையருகே காற்று மெதுவாகவும், உயரே வேகமாகவும், திசை மாறியும் வீசும் நாட்களில் கதை வேறு. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து, மேல்கையை மட்டும் தள்ளிப் பாருங்கள், பென்சில் உருளும். அதே போல உயரத்துக்கு உயரம் காற்று மாறும்போது நடுவில் உள்ள காற்று படுக்கைவாக்கில் கண்ணுக்குத் தெரியாத உருளையாக உருண்டுகொண்டிருக்கும். மேகத்துக்குள் ஏறும் பலமான காற்றோட்டம் அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்தி நிறுத்திவிட்டால் மேகமே சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் மேகம் சூப்பர்செல்; உள்ளே சுற்றும் 2 முதல் 10 கி.மீ. அகலமான பகுதி மீசோசைக்ளோன்.

இது இன்னும் டொர்னாடோ அல்ல. மேகத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு காற்றோட்டம் கீழே இறங்கித் தரையருகே சுழற்சியைச் சுற்றிவளைக்க வேண்டும். மேலேறும் காற்று அந்தச் சுழற்சியைப் பிடித்துச் செங்குத்தாக நீட்டி ஒடுக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிக்கொண்டே கயிற்றை உள்ளே இழுத்தால் கல் வேகமெடுக்கும் அல்லவா, அதே கணக்குதான்: சுற்றும் ஆரம் பாதியானால் வேகம் இரட்டிப்பாகும். பல கிலோமீட்டர் அகலச் சுழற்சி சில நூறு மீட்டராகச் சுருங்கினால் எவ்வளவு வேகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கெட்டுப்போக நிறைய இடம் உண்டு. கீழே இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்து கனமாக இருந்தால் மேலே எழும்பாமல் தரையில் பரவிச் சுழற்சியின் அடியையே வெட்டிவிடும். சுழலும் மேகங்களிலும் பெரும்பாலானவை டொர்னாடோ எதையும் இறக்காமலே கலைந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேகம் சுழல்வதை ராடாரில் பார்த்துக்கொண்டே இருந்தாலும், இது இறக்குமா இறக்காதா என்று வானிலையாளர் சத்தியம் செய்ய முடியாது.

ஒன்றுக்கு உணவு, மற்றொன்றுக்கு விஷம்

இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத வேற்றுமை இருக்கிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதைக் காற்று வெட்டு என்போம். சூப்பர்செல் இறக்கும் டொர்னாடோவுக்கு அது இல்லாமல் பிறப்பே இல்லை. புயலுக்கோ அதுதான் எமன். புயல் என்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 15 கி.மீ. உயரம் வரை நிமிர்ந்து நிற்கும் ஒரு புகைபோக்கி மாதிரி. மேல்பகுதியை ஒரு காற்று கிழக்கே தள்ளி, அடிப்பகுதியை வேறொரு காற்று மேற்கே தள்ளினால் புகைபோக்கி சாய்ந்துவிடும். மையத்துக்கு மேலே சேர வேண்டிய வெப்பம் சிதறிப்போகும். கடல் போதிய அளவு சூடாக இருந்தும் புயல் வலுக்கவில்லை என்று வானிலைக் குறிப்பில் பார்த்தால், அநேகமாகக் காற்று வெட்டுதான் காரணம். தென் அட்லாண்டிக்கில் புயல் மிக அபூர்வமாக இருப்பதற்கும் இதுவே பெரும்பங்கு. 2004 மார்ச்சில் பிரேசிலைத் தாக்கிய 'கத்தரீனா' அதனால்தான் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. (2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனா வேறு.)

அமெரிக்காவின் நடுச் சமவெளி டொர்னாடோவுக்குப் பேர்போனது ஏன் என்பதும் இப்போது விளங்கும். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையை ஒட்டி வருகிறது. மேற்கே மலைகளையும் பாலைகளையும் தாண்டி உலர்ந்த காற்று அதன் மேல் ஏறுகிறது. அதற்கும் மேலே வேகமான மேலைக்காற்று. ஈரம், நிலையற்ற காற்று, வெட்டு எல்லாம் ஒரே இடத்தில். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோ. இது அமெரிக்கச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்: ஏப்ரல், மே மாதங்களில் வங்கக்கடல் ஈரக்காற்றும் வடமேற்கின் வறண்ட காற்றும் சந்திக்கும் வங்கதேசத்திலும் அதே சேர்க்கை உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று அங்கே தௌலத்பூர், சாதுரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர். உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ அது.

அளவும் ஆயுளும்

1979-இல் வடமேற்குப் பசிபிக்கில் சுற்றிய 'டிப்' டைஃபூனின் குறுக்களவு சுமார் 2,220 கி.மீ. பதிவானவற்றில் இதுவே பெரியது. டொர்னாடோக்களில் பெரியது, 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே இறங்கியது, அகலம் 4.2 கி.மீ. டிப்பின் குறுக்கே எல் ரீனோவை ஐந்நூறு தடவைக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். அதுவும் இவை உச்சங்கள். பெரும்பாலான டொர்னாடோவின் அகலம் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்தான்.

ஆயுளிலும் அப்படியே. பெரும்பாலான டொர்னாடோ பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களைக் கிழித்துக்கொண்டு சுமார் 350 கி.மீ. போன டொர்னாடோ மூன்றரை மணி நேரம் நீடித்தது. 695 பேர் இறந்தனர். புயல் சராசரியாக ஒரு வாரம் வாழும். 2023-இல் ஆஸ்திரேலியா பக்கம் பிறந்து இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து மொசாம்பிக்கை இருமுறை தாக்கிய 'ஃபிரெடி' 36 நாள் வாழ்ந்ததாக உலக வானிலை அமைப்பு உறுதிசெய்திருக்கிறது.

புயலுக்குப் பெயர் வைக்கிறோம், டொர்னாடோவுக்கு வைப்பதில்லை. காரணம் இந்த ஆயுள்தான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புயல் கடலில் இருந்தால் மாலுமிகளும் மக்களும் குழம்பக் கூடாது. எனவே பெயர் வேண்டும். பட்டியலைப் பார்த்துப் பெயர் எடுப்பதற்குள் டொர்னாடோ போய்விடும். பிற்பாடு அது தாக்கிய ஊர்தான் அதன் பெயர்.

அழுத்தம்: ஒரே வீழ்ச்சி, வேறு சரிவு

கடல்மட்டத்தில் வழக்கமான காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். டிப்பின் மையத்தில் 1979 அக்டோபர் 12 அன்று 870 பதிவானது; இதுவரை கடல்மட்டத்தில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த அழுத்தம். டொர்னாடோவுக்குள் அளப்பது எளிதல்ல. டிம் சமாராஸ் என்ற பொறியாளர் ஆமை ஓடு வடிவில் தட்டையான கருவிகளைச் செய்து, டொர்னாடோ வரும் பாதையில் வைத்துவிட்டு விலகிப்போவார். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் அவருடைய கருவி ஒன்று நேரடியாகச் சிக்கியது: 100 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி.

எண்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே ரகம் போலத் தெரியும். ஆனால் புயலில் அந்த வீழ்ச்சி பல நூறு கிலோமீட்டர் தூரத்தில், பல மணி நேரத்தில் நடக்கிறது. மான்செஸ்டரில் அது ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தது. ஒரே உயரமுள்ள இரண்டு மலைகளில் ஒன்று நீண்ட சரிவு, இன்னொன்று செங்குத்துப் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது உயரமல்ல, சரிவு. அதனால்தான் டொர்னாடோவின் உச்ச வேகம் புயலைத் தாண்டிப்போகிறது. 2015-இல் பசிபிக்கில் 'பட்ரிசியா' தொட்ட 345 கி.மீ. புயல்களில் உச்சம்; 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் டாப்ளர் ராடார் ஒரு டொர்னாடோவில் அளந்தது மணிக்கு 480 கி.மீ.க்கும் மேல். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேகம் இரட்டித்தால் சுவர் தாங்க வேண்டிய விசை நான்கு மடங்கு.

அளவுகோல்களை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்

புயலுக்குச் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் 1 முதல் 5 வரை வகை உண்டு. 119 கி.மீ.யில் முதல் வகை தொடங்குகிறது. 252-ஐத் தொட்டால் ஐந்தாம் வகை. டொர்னாடோவுக்கு 1971-இல் டெட்சுயா ஃபுஜிதா வகுத்த அளவுகோலைத் திருத்தி 2007 முதல் அமெரிக்காவில் இஎஃப் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள்: இஎஃப்-0 முதல் இஎஃப்-5 வரை, 322 கி.மீ.க்கு மேல் இஎஃப்-5.

இரண்டிலும் 5 இருக்கிறதே என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. புயலின் எண் ஒரு நிமிடச் சராசரி வேகம் (இந்தியாவில் மூன்று நிமிடச் சராசரி). இஎஃப் எண் மூன்று வினாடி மட்டும் நீடிக்கும் திடீர் வீச்சின் வேகம். அதைவிட முக்கியம், புயலின் வேகத்தை விமானம், செயற்கைக்கோள், மிதவை ஆகியவற்றின் உதவியோடு அது உயிரோடு இருக்கும்போதே கணிக்கிறார்கள். டொர்னாடோ போன பிறகு இடிபாடுகளைப் பார்த்து, 28 வகைக் கட்டடங்களும் மரங்களும் எந்த அளவு சேதமாயின என்று ஒப்பிட்டு, இவ்வளவு வேகம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வெட்டவெளியில் சுற்றிய டொர்னாடோவுக்கு மதிப்பெண் குறையும். எல் ரீனோ அதற்குச் சாட்சி: ராடார் கண்ட வேகம் இஎஃப்-5 எல்லையைத் தாண்டியது, வழியில் வலுவான கட்டடங்கள் அதிகம் இல்லாததால் கிடைத்தது இஎஃப்-3. மான்செஸ்டரில் அழுத்தத்தை அளந்த டிம் சமாராஸ் அந்த எல் ரீனோவில்தான் உயிரிழந்தார்.

புயலின் வகை எண்ணும் முழு உண்மை சொல்லாது. அது காற்றை மட்டுமே அளக்கிறது. 2005-இல் கத்ரீனா அமெரிக்கக் கரையை மூன்றாம் வகையாகத்தான் கடந்தது. மிசிசிப்பிக் கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் உயர்ந்தது.

கொல்வது எது?

டொர்னாடோவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பறந்துவரும் பொருள். மரச்சட்டம், ஓடு, தகரம், கண்ணாடி, சில நேரம் கார். புயலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்.

அதிலும் கடல் நீர். மையத்தில் அழுத்தம் குறைவதால் கடல் உறிஞ்சப்பட்டு உயர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உயர்வது உண்மை, ஆனால் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. அழுத்தம் நூறு குறைந்தாலும் ஒரு மீட்டர்தான். மீதியெல்லாம் காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளிக் குவிப்பது. ஆழமில்லாத கடற்கரையும், குறுகிக்கொண்டே போகும் வளைகுடாவும், கடல் ஏற்றம் (ஓதம்) உள்ள நேரமும் சேர்ந்தால் நீருக்குப் போக்கிடம் இருக்காது, ஊருக்குள் வரும். வங்கக்கடலின் வடமுனை அப்படிப்பட்ட இடம். 1970 நவம்பர் 12 இரவில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தனர், கடல்நீரே காரணம்.

கரையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வட அரைக்கோளத்தில், புயல் போகும் திசையைப் பார்த்து நீங்கள் நின்றால் உங்கள் வலப்பக்கம் மோசமானது. சுழற்சி வேகமும் நகரும் வேகமும் அங்கே கூடுகின்றன, இடப்பக்கம் கழிகின்றன. மேற்கு நோக்கி வந்து கரையேறும் புயலென்றால் மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், நீரையும் கூட்டிவரும். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். சில இடங்களில் கடல் உள்வாங்குவதுகூட உண்டு. 'மையம் நம்மைத் தொடவில்லை, 40 கி.மீ. தெற்கே போய்விட்டது' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவது தவறாக முடியலாம்.

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் தக்லோபானை 'ஹையான்' தாக்கியபோது, கடல் உயரும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே ஒலித்தது. 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட அந்தக் கலைச்சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். அந்நாட்டில் அந்தப் புயலில் இறந்தவர்கள் 6,000-க்கும் அதிகம்.

கரையேறியதும் புயலின் ஆவி வரத்து நின்றுவிடும். தரையின் உராய்வும் சேர்ந்துகொள்ளும். காற்று ஒரே நாளில் பெருமளவு தணியும். மழை தணியாது. உள்நாட்டில் பல நூறு கிலோமீட்டர் வரை வெள்ளமும் நிலச்சரிவும் வருவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

கண்ணும் தும்பிக்கையும்

முதிர்ந்த புயலின் நடுவே கண் இருக்கும். பொதுவாக 30 முதல் 65 கி.மீ. குறுக்களவு. உள்ளே காற்று மெல்ல இறங்குவதால் மேகம் கலைந்து, காற்றும் மழையும் ஓய்ந்து, சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். அதைச் சுற்றியுள்ள மேகச்சுவரில்தான் உச்சக் காற்று. 'புயலுக்குப் பின் அமைதி' என்று நினைத்து வெளியே வருபவர்கள் இருப்பது புயலின் நட்டநடுவில். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து, ஏறிக்கொண்டே வராமல் ஒரே அடியாக வரும். முதல் பாதியில் ஒருபக்கம் சாய்ந்து தளர்ந்த மரமும் கூரையும் இரண்டாம் பாதியில் விழும். காற்று படிப்படியாகக் குறைந்தால் புயல் போகிறது. திடீரென்று நின்றால் கண் வந்திருக்கிறது.

டொர்னாடோ யானைத் தும்பிக்கை போலத் தெரிவது காற்றல்ல. காற்றுக்கு உருவம் ஏது? அழுத்தம் குறைந்து குளிர்ந்த காற்றில் ஆவியிலிருந்து உண்டான நீர்த்துளிகளும், தரையிலிருந்து எழும் புழுதியும்தான் அந்த உருவம். தும்பிக்கை பாதிவரை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே தரையில் சுழற்சி முழு வேகத்தில் இருக்கலாம். நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் நீர்த்தூணைப் படம்பிடித்து 'மேகம் கடலைக் குடிக்கிறது' என்று பரப்புகிறார்கள். அதிலும் தெரிவது பெரும்பாலும் ஆவி குளிர்ந்த துளிகளே. வெயிலில் வெட்டவெளியில் புழுதியைச் சுருட்டும் சுழிக்காற்று இந்தக் குடும்பமே அல்ல. மேலே மேகம் இருக்காது, சூடான தரையிலிருந்து எழும்புவது.

எச்சரிக்கையைப் படிப்பது

புயலுக்கு நாள்கணக்கில் அவகாசம் உண்டு. இந்திய வானிலைத் துறை நான்கு கட்டமாக அறிவிக்கிறது: பாதகமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்பு, 48 மணி முன்பு, 24 மணி முன்பு, கடைசியாகக் கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கும்போது, கடந்த பிறகு உள்நாட்டில் என்ன ஆகும் என்று. புயல் பாதை வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பைப் புயலின் பருமன் என்று படிக்கக் கூடாது. மையம் எந்த வழியில் போகலாம் என்ற ஐயத்தின் அகலம் அது. கூம்புக்கு வெளியே இருப்பவருக்கும் காற்றும் மழையும் கடல்நீரும் வரும்.

டொர்னாடோவுக்குக் கிடைப்பது நிமிடங்கள். அமெரிக்காவில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். 'வாட்ச்' என்றால் சூழல் கனிந்திருக்கிறது, காதைத் திறந்து வையுங்கள். 'வார்னிங்' என்றால் ராடாரிலோ கண்ணாலோ பார்த்தாகிவிட்டது, உடனே ஒதுங்குங்கள். இந்த இரண்டாவது, சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அவகாசம் தராது. பலமுறை அதுவும் இல்லை.

இந்த வேறுபாடே என்ன செய்வது என்பதையும் மாற்றிவிடுகிறது. புயலென்றால், கடல்நீர் ஏறும் தாழ்பகுதியில் இருப்பவர் வெளியேற வேண்டும்; அதுவும் சாலையில் நீர் ஏறுவதற்கு முன்பே. ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும். தங்குபவர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் என்று குறைந்தது மூன்று நாளுக்காவது குடிநீர் சேர்த்துவைக்க வேண்டும். சன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது வீண்வேலை. உடையாமல் காக்காது, உடைந்தால் பெரிய பெரிய துண்டாக விழவைக்கும். பலகை அடிப்பதுதான் பயன்தரும். மின்சாரம் போன பிறகு ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னல் அருகிலோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொன்றுவிடும்.

டொர்னாடோவில் வெளியேற நேரமில்லை. நிலவறை இருந்தால் நிலவறை. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத, நடுவில் உள்ள சிறிய அறை. தலையையும் கழுத்தையும் மெத்தையாலோ தலைக்கவசத்தாலோ மூடிக்கொள்ள வேண்டும். அழுத்தத்தைச் சமப்படுத்தச் சன்னல்களைத் திறந்துவிடு என்ற பழைய அறிவுரை தவறு. வீடு அழுத்தத்தால் வெடிப்பதில்லை. திறந்த அல்லது உடைந்த சன்னல் வழியாக உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்குகிறது, கூரை போனால் சுவர் நிற்காது. மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் ஆபத்து. இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும், பறக்கும் பொருளுக்குத் தடுப்பு இல்லை. 1999 மே 3 அன்று அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் இறந்தனர்.

இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. கரையேறும் புயலில் தரையருகே காற்று உராய்வால் மெதுவாகும்; சில நூறு மீட்டர் உயரத்தில் வேகம் அப்படியே இருக்கும். அதாவது காற்று வெட்டு. புயலின் வெளிப்புற மழைமேகப் பட்டைகளில், குறிப்பாக வட அரைக்கோளத்தில் வலது முன்பக்கத்தில், சிறு சூப்பர்செல்கள் தோன்றி டொர்னாடோவை இறக்கும். 2004-இல் அமெரிக்காவைக் கடந்த 'ஐவன்' மூன்று நாளில் 120 அளவுக்கு இறக்கியது. பெரும்பாலும் இவை வலுக்குறைந்தவை, குறுகிய ஆயுள் கொண்டவை. ஆனால் மழைத்திரைக்குள் மறைந்து வருவதால் கண்ணில் படாது. நீருக்கு மாடிக்குப் போ, டொர்னாடோவுக்குக் கீழே இறங்கு என்று இரண்டு அறிவுரையும் அப்போது மோதும். வெள்ளம் சூழ்ந்த கட்டடத்தில் டொர்னாடோ எச்சரிக்கை வந்தால், நீர் எட்டாத தளங்களில் மிகக் கீழே உள்ளதில், சன்னலில்லாத நடு அறைக்குப் போக வேண்டும். எச்சரிக்கை நீங்கும் வரை அங்கேயே இருந்து, நீர் ஏறினால் மட்டும் ஒரு தளம் மேலே ஏறலாம்.